பழைய மதர்போர்டின் மவுஸ் போர்ட்டை எழுப்புவது எப்படி

பழைய கம்ப்யூட்டர்களைத் தூசு தட்டி ஓட்டிப் பார்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "கீபோர்டு வேலை செய்யுது, மவுஸ் போர்ட் மட்டும் போச்சு." சொல்லிவிட்டு போர்டையே ஓரம் கட்டிவிடுவார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். 486, பென்டியம் பிராசஸர் காலத்துப் போர்டுகளை இனி யாரும் தயாரிக்கப் போவதில்லை, இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு. அதிலும் "போச்சு" என்று ஒதுக்கப்படும் மவுஸ் போர்ட்களில் நிறைய, ஒரு நாள்கூட சரியாக இணைக்கப்படாமலே கிடந்தவை. இணைக்காத ஒன்று எப்படிப் போகும்?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் "போர்ட்" என்ற சொல்லை நாம் ரொம்பத் தளர்வாகப் பயன்படுத்துவதுதான். அதை முதலில் சரிசெய்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

குழாயும் தொட்டியும்

வீட்டில் குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் வரவில்லை. உடனே குழாயைக் கழற்றிப் போடமாட்டோம். மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, நடுவில் வால்வை யாராவது மூடியிருக்கிறார்களா, குழாய்க்கு லைனே இழுத்திருக்கிறார்களா என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

மவுஸ் போர்ட்டும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் அந்த வட்டத் துளை, குழாயின் வாய் மாதிரி. அதற்குப் பின்னால் மின்சாரம் வர வேண்டும், தகவல் போக இரண்டு கம்பிகள் வேண்டும், அந்தத் தகவலை வாங்கிப் புரிந்துகொள்ள ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப் பிராசஸரைக் கூப்பிட ஒரு வழி வேண்டும், கடைசியாக அதைத் திரையில் அம்புக்குறியாக மாற்ற ஒரு மென்பொருள் வேண்டும். இந்தத் தொடர் முழுவதும் சேர்ந்ததுதான் மவுஸ் போர்ட். எங்கே ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: மவுஸ் அசையாது.

துளை எங்கிருந்து வந்தது

1984இல் ஐபிஎம் பிசி/ஏடி வந்தபோது கீபோர்டுக்கு ஐந்து பின் உள்ள பெரிய வட்டத் துளை இருந்தது. மவுஸுக்கு அதில் இடமே கிடையாது. 1983இல் மைக்ரோசாஃப்ட் விற்ற முதல் மவுஸ் தனக்கென்று ஒரு கார்டோடு வந்தது. அப்புறம் பல வருடங்கள் மவுஸ், மோடம் செருகும் சீரியல் போர்ட்டில்தான் ஒண்டிக்கொண்டிருந்தது. 1987 ஏப்ரலில் ஐபிஎம் தன் பிஎஸ்/2 வரிசைக் கம்ப்யூட்டர்களை வெளியிட்டபோதுதான் கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று என்று ஆறு பின் கொண்ட இரண்டு சின்ன வட்டத் துளைகள் வந்தன. அந்தக் கம்ப்யூட்டர் வரிசை மறைந்துபோனாலும் பெயர் துளையோடு ஒட்டிக்கொண்டது.

சிக்கல் என்னவென்றால், மற்ற நிறுவனங்கள் செய்த போர்டுகள் பழைய வடிவத்தையே பிடித்துக்கொண்டிருந்தன. பேபி ஏடி என்று சொல்வார்கள். அந்த வடிவத்தில் பின்விளிம்பில் பெரிய கீபோர்டு துளைக்கு மட்டும்தான் இடம். அதனால் மவுஸுக்கு, போர்டின் மேல் ஒரு வரிசைப் பின்களை நட்டுவைத்தார்கள். இதற்கு ஹெடர் என்று பெயர். இந்த ஹெடரில் ஒரு சின்ன கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் உள்ள வட்டத் துளையைக் கேபினட்டின் பின்பக்கம் ஒரு தகட்டில் மாட்ட வேண்டும். தகடும் கேபிளும் சேர்ந்ததை பிராக்கெட் என்பார்கள். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் வடிவத்தில் இரண்டு துளைகளும் போர்டிலேயே நேராக வந்துவிட்டன, தொல்லை தீர்ந்தது. நாம் பேசுவது அதற்கு முந்தைய வடிவத்துப் போர்டுகளை. அவற்றில் பிராக்கெட் எப்போதோ தொலைந்திருக்கும், ஹெடர் மட்டும் மொட்டையாக நிற்கும்.

இதுவரை பார்த்தது: பேபி ஏடி போர்டில் மவுஸ் துளை போர்டோடு பிறந்தது இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்ட வேண்டியது.

செருக முடிந்தால் பேசும் என்று அர்த்தமில்லை

போர்டைத் தொடுவதற்கு முன்னால், கையில் இருக்கும் மவுஸ் சரியான மவுஸ்தானா என்று பார்த்துவிட வேண்டும். யுஎஸ்பி மவுஸின் முனையில் மாட்டும் பச்சை நிற வட்ட அடாப்டர் ஒன்று உண்டு, பலர் வீட்டு டிராயரிலும் கிடக்கும். அதற்குள்ளே எந்தச் சிப்பும் கிடையாது, நான்கு கம்பிகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். பிஎஸ்/2 மொழி பேசத் தெரிந்த யுஎஸ்பி மவுஸ்கள் ஒரு காலத்தில் வந்தன, அந்த அடாப்டர் அவற்றுக்கானது. இன்றைக்கு விற்கும் பல மவுஸ்களுக்கு யுஎஸ்பி மொழி மட்டும்தான் தெரியும். அவற்றை அடாப்டர் போட்டுச் செருகினால் அடியில் சிவப்பு விளக்கு எரியக்கூடும், ஏனென்றால் 5 வோல்ட் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் பேச்சு நடக்காது. விளக்கு எரிகிறதே, அப்படியானால் போர்ட்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சீரியல் மவுஸுக்கும் இதே கதைதான். மாற்று அடாப்டர்கள் கிடைக்கும், இரண்டு மொழியும் தெரிந்த மவுஸோடு மட்டுமே வேலை செய்யும். சோதனைக்கு நேரடியாக வட்ட முனை உள்ள பிஎஸ்/2 மவுஸ் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், வேறொரு கம்ப்யூட்டரில் அது ஓடுகிறதென்று பார்த்துவிட்டு. சக்கரம் வைத்த மவுஸானாலும் பரவாயில்லை, பழைய டிரைவரோடு அது சாதாரண மவுஸாகவே நடந்துகொள்ளும்.

இரண்டு கம்பிகளில் நடக்கும் பேச்சு

வட்டத் துளையில் ஆறு பின் இருந்தாலும் வேலை செய்வது நான்குதான். 1 டேட்டா, 3 கிரவுண்ட், 4 ஐந்து வோல்ட், 5 கிளாக். மீதி இரண்டும் சும்மா. டேட்டா கம்பியில் தகவல் போகிறது, கிளாக் கம்பியில் தாளம் போகிறது. கச்சேரியில் தாளம் தெரியாமல் ஸ்வரத்தை மட்டும் கேட்டால் எந்த ஸ்வரம் எங்கே முடிந்தது என்று பிரிக்க முடியாது. அதே மாதிரி ஒவ்வொரு தட்டுக்கும் டேட்டா கம்பியில் இருப்பது ஒன்றா பூஜ்யமா என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். தாளம் போடுவது மவுஸ்தான், போர்டு இல்லை. நொடிக்கு 10,000 முதல் 16,700 தட்டு வரை.

பழைய டவுன் பஸ்களில் கூரையை ஒட்டி மணிக்கயிறு ஓடும், பார்த்திருப்பீர்கள். சும்மா இருக்கும்போது கயிறு விறைப்பாக மேலே நிற்கும். கண்டக்டர் எங்கிருந்து இழுத்தாலும் கீழே வரும், விட்டால் திரும்ப மேலே போய்விடும். இந்த இரண்டு கம்பிகளும் அப்படித்தான். ஓய்வில் 5 வோல்ட்டில் நிற்கும், அதை மேலே பிடித்திருப்பது ஒரு ரெசிஸ்டர். மவுஸோ போர்டோ பேச வேண்டும் என்றால் கம்பியைப் பூஜ்யத்துக்கு இழுக்கும், விட்டுவிடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்தாலும் ஒன்றும் எரியாது. இந்த விஷயம் கொஞ்ச நேரத்தில் நமக்கு ரொம்ப உதவப் போகிறது.

மவுஸ் அசையும் ஒவ்வொரு முறையும் மூன்று பைட் அனுப்புகிறது. முதல் பைட்டில் பொத்தான்களின் நிலை, இரண்டாவதில் இடவலம் எவ்வளவு, மூன்றாவதில் மேல்கீழ் எவ்வளவு. நடுவில் ஒரு பைட் தொலைந்தால் வரிசை ஒரு இடம் நகர்ந்துவிடும், நகர்ந்த தூரத்தைப் பொத்தான் என்று கம்ப்யூட்டர் படிக்கும். அம்புக்குறி மூலைக்குப் பாய்ந்து, தானாகவே கிளிக் ஆகிறது என்று சொல்வார்களே, அது பெரும்பாலும் இதுதான். வைரஸ் இல்லை, கேபிள் ஆடுகிறது.

சுருக்கமாக, மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, பேச்சுக்கு இரண்டு கம்பி. பேச்சுக் கம்பிகள் இரண்டும் ஓய்வில் 5 வோல்ட்.

ஹெடரின் பின் வரிசை

இங்கேதான் அதிகம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மவுஸ்கள் சாவது இங்கேதான். ஹெடரில் எந்தப் பின் எது என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. ஒரு போர்டில் ஐந்து பின், இன்னொன்றில் ஆறு. ஒரு நிறுவனம் முதல் பின்னை டேட்டா என்று வைக்கும், இன்னொன்று கிளாக் என்று வைக்கும். வேறொரு போர்டின் பிராக்கெட்டை எடுத்து இதில் செருகினால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் கிரவுண்ட் வரலாம். அப்படி வந்தால் மவுஸ் அந்த நொடியே போய்விடும். கம்பியின் நிறத்தையும் நம்பக் கூடாது, கிரவுண்டுக்குச் சிவப்பு போட்ட கேபிளை நானே வைத்திருக்கிறேன்.

போர்டின் கையேடு கிடைத்தால் வேலை முடிந்தது, அதில் பின் வரிசை இருக்கும். கிடைக்காவிட்டால் அளந்து கண்டுபிடிக்கலாம். என்னிடம் இருக்கும் ஒரு பென்டியம் போர்டில் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை போர்டின் பவர் கனெக்டரில் கறுப்புக் கம்பி வரும் இடத்தில் வைத்துக்கொண்டு, மறுமுனையால் ஹெடர் பின்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஐந்தில் ஒன்று மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டியது, அது கிரவுண்ட். அடுத்து, முனையைச் சிவப்புக் கம்பி வரும் இடத்துக்கு மாற்றினேன். ஒரு பின் ஏறக்குறைய பூஜ்யம், இரண்டு பின்கள் சில ஆயிரம் ஓம், மீதி ஒன்று எதையும் காட்டவில்லை. பூஜ்யம் காட்டியது 5 வோல்ட் பின். ஆயிரக்கணக்கில் காட்டிய இரண்டும் ரெசிஸ்டர் வழியாக மேலே கட்டப்பட்ட மணிக்கயிறுகள், அதாவது கிளாக்கும் டேட்டாவும். எதையும் காட்டாத பின் வெறும் பின்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, ஆன் செய்து வோல்ட் அளந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஆன் செய்து அளந்தால் 5 வோல்ட் பின்னோடு கிளாக்கும் டேட்டாவும்கூட ஏறக்குறைய 5 வோல்ட் காட்டக்கூடும். அதில் எது உண்மையான மின்சாரம் என்று வோல்ட்மீட்டரால் சொல்ல முடியாது, ஓம் அளவு சொல்லிவிடும்.

கிளாக் எது, டேட்டா எது என்று பிரிக்க இந்த அளவு போதாது. ஆனால் அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. மணிக்கயிறு விஷயத்தை நினைத்துப் பாருங்கள்: இரண்டையும் மாற்றிக் கொடுத்தாலும் எதுவும் எரியாது, மவுஸ் பேசாது, அவ்வளவுதான். ஒரு வரிசையில் வைத்துப் பார்ப்பது, வராவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது. மின்சாரமும் கிரவுண்டும் சரியாக இருந்தால் தைரியமாகச் செய்யலாம்.

பிராக்கெட்டின் கேபிளையும் இதே மாதிரி, துளையின் எந்தப் பின் எந்தக் கம்பிக்குப் போகிறது என்று அளந்துகொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கை: துளையை முன்பக்கமிருந்து பார்த்தால் பின் எண்கள் ஒரு மாதிரியும், சால்டர் வைத்த பின்பக்கமிருந்து பார்த்தால் கண்ணாடி பிம்பம் மாதிரி திரும்பியும் இருக்கும். படத்தை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள், அது எந்தப் பக்கத்துப் படம் என்று முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் கனெக்டரில் உள்ள உலோகக் கிளிப்புகளை ஒரு ஊசி நுனியால் லேசாக நெம்பினால் வெளியே வந்துவிடும், வரிசையை மாற்றித் திரும்பச் செருகிக்கொள்ளலாம்.

செருகுவதும் பிடுங்குவதும் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது மட்டும். பிஎஸ்/2 அமைப்பு ஓடும்போது செருகுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. போர்டின் ஓரத்தில் கீபோர்டு துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும், பல போர்டுகளில் கீபோர்டும் மவுஸும் அதையே பங்குபோட்டுக்கொள்ளும். அது போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

வாங்கிப் புரிந்துகொள்ளும் சிப்

கம்பியில் வரும் ஒன்று, பூஜ்யங்களைப் பிராசஸர் நேரடியாகப் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு ஆள் உண்டு, கீபோர்டு கண்ட்ரோலர். பிசி/ஏடியில் இது இன்டெலின் 8042 என்ற தனிச் சிப். ஊரில் தபால்காரர் மாதிரி, வந்ததை வாங்கி, சரிபார்த்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து வைப்பவர். பெயர் கீபோர்டு கண்ட்ரோலர் என்றாலும் பிஎஸ்/2 வந்தபின் மவுஸையும் இவரேதான் பார்த்துக்கொள்கிறார்.

ஆனால் எல்லாத் தபால்காரருக்கும் அந்த இரண்டாவது தெரு தெரியாது. 486 போர்டுகளில் நாற்பது கால் கொண்ட நீளமான சிப்பாக இது தனியே உட்கார்ந்திருக்கும், சிலவற்றுக்கு மவுஸே தெரியாது. மேலே எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். அமிகீ-2, வியாவின் விடி82சி42என் போன்றவை மவுஸ் தெரிந்தவை. பென்டியம் காலத்தில் இது வேறு பெரிய சிப்புக்குள் போய்விட்டது, அவற்றில் இந்தக் கவலை குறைவு.

சில போர்டுகளில் ஹெடர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளைகள் மட்டும் இருக்கும். பின்களை வாங்கி சால்டர் வைத்தால் ஆயிற்று என்று இறங்காதீர்கள். பக்கத்திலேயே ரெசிஸ்டர், கண்டென்சர் இடங்களும் காலியாக இருக்கிறதா பாருங்கள். ரெசிஸ்டர் இல்லையென்றால் மணிக்கயிற்றை மேலே பிடிக்க ஆளில்லை.

பன்னிரண்டாம் நம்பர் மணி

தபால்காரர் வாசலில் வைத்துவிட்டார், வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேறு வேலை ஓடாது. அதனால் காலிங் பெல். கம்ப்யூட்டரில் இதற்கு இன்டரப்ட் என்று பெயர், மணிக்கு எண் உண்டு, அந்த எண்ணை ஐஆர்க்யூ என்பார்கள். 0 முதல் 15 வரை. கீபோர்டுக்கு 1, பிஎஸ்/2 மவுஸுக்கு 12.

அந்தக் காலத்தில் போர்டில் செருகிய ஐஎஸ்ஏ வகைக் கார்டுகளில் ஒரு மணியை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள முடியாது. யாராவது நெட்வொர்க் கார்டை 12இல் ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி) போட்டு வைத்திருந்தால் மவுஸ் மணி அடிக்காது. சில போர்டுகளில் மவுஸ் வேண்டாதவர்கள் 12ஐ வேறு கார்டுக்குக் கொடுக்கட்டும் என்று மணிக் கம்பியையே ஒரு ஜம்பரால் துண்டித்து வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருளான பயாஸின் அமைப்புகளிலும் ஒரு வரி இருக்கும்: அவார்டு பயாஸில் பிஎஸ்/2 மவுஸ் ஃபங்ஷன் கண்ட்ரோல் என்று. அதை எனேபிள் செய்ய வேண்டும். ஆட்டோ என்று வைத்தால், ஆன் ஆகும்போது மவுஸ் இல்லையென்றால் 12ஐ வேறு யாருக்காவது கொடுத்துவிடும், பிறகு செருகிப் பயனில்லை. பயாஸில் அப்படி ஒரு வரியே இல்லாத 486 போர்டுகளும் உண்டு, அவற்றில் பயாஸுக்கே மவுஸ் தெரியாமல் இருக்கலாம்.

கடைசிக் கண்ணி

டிரைவர் என்பது, வந்த மூன்று பைட்டைத் திரையில் அசைவாக மாற்றும் மென்பொருள். டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் இதைத் தனியாக ஏற்ற வேண்டும். நான் கியூட்மவுஸ் பயன்படுத்துகிறேன், இலவசம், நினைவகத்தில் கொஞ்சம்தான் இடம் எடுக்கும். பெயருக்குப் பின்னால் சாய்கோடும் பியும் (/P) சேர்த்து ஓட்டினால் சீரியல் போர்ட்களில் தேடாமல் நேராக பிஎஸ்/2வைப் பார்க்கும், சோதனைக்கு அதுதான் நல்லது. விண்டோஸ் 3.1இல் செட்டப்பில் மைக்ரோசாஃப்ட் அல்லது ஐபிஎம் பிஎஸ்/2 என்ற தேர்வு. விண்டோஸ் 95 தானே கண்டுகொள்ளும்.

இப்போது அறிகுறிகளை வைத்து எந்தக் கண்ணி என்று ஊகிக்க முடியும். விளக்கு எரியவில்லையா, மின்சாரப் பின்களையும் ஃபியூஸையும் பாருங்கள். விளக்கு எரிகிறது, டிரைவர் மட்டும் மவுஸ் இல்லை என்கிறதா, கிளாக்கையும் டேட்டாவையும் இடம் மாற்றுங்கள், பிறகு பயாஸ் வரியையும் கண்ட்ரோலர் சிப்பையும் பாருங்கள். டிரைவர் மவுஸைக் கண்டுபிடித்துவிட்டது, அம்புக்குறி திரை நடுவில் உறைந்து நிற்கிறதா? அது கிட்டத்தட்ட எப்போதும் 12ஆம் மணிதான். கேட்டபோது மவுஸ் பதில் சொன்னது, தானாகக் கூப்பிடும்போது மணி கேட்கவில்லை.

என் போர்டில் மூன்றாவது அறிகுறிதான் வந்தது. ஹெடருக்குப் பக்கத்தில், தூசுக்கு அடியில், இரண்டு பின் ஜம்பர் ஒன்று மூடியில்லாமல் நின்றது. வேறொரு பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து ஒரு மூடியைக் கழற்றி அதில் போட்டு ஆன் செய்தேன், அம்புக்குறி நகர்ந்தது. உடனே பின் வரிசையை ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஜம்பர் இருக்கும் இடத்தையும் வரைந்து, கேபினட் மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன். அடுத்து இதைத் திறப்பவர் மறுபடி அளக்க வேண்டியிருக்காது.